இரண்டாவது மீன் துண்டு

அந்தப் பார்சலை அலுவலக மேசையில் வைத்து அவிழ்த்தபோது சோற்றுக்குள் இரண்டு மீன் துண்டுகள் இருந்தன. ஒன்று வழக்கம்போல மேலே, கத்தரிக்காய்க் கறிக்குப் பக்கத்தில். மற்றது சோற்றுக்குள் புதைத்து வைக்கப்பட்டிருந்தது. பொரித்த பாரை, வயிற்றுப் பக்கத்துத் துண்டு. கிளிநொச்சியில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருந்த அந்தச் சாப்பாட்டுக் கடையில் ஒரு பார்சலுக்கு ஒரு துண்டுதான். முதலாளி காலையிலேயே துண்டுகளை எண்ணித்தான் பொரிக்கக் கொடுப்பார். எனவே இது கை தவறி விழுந்ததல்ல என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் மகிழ்ந்தேன், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

பெருமைக்குக் காரணம் இருந்தது. அதற்கு முதல் மாதம் ஒரு பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போயிருந்தேன். அங்கே கூட வந்த ஒருத்தி சாப்பாட்டுப் பார்சல் வாங்கும்போதெல்லாம் மிச்சக் காசை எடுக்காமல் திரும்புவாள். இருந்து சாப்பிட்டால் பரிமாறியவருக்கு ஏதாவது வைப்பது எனக்குத் தெரியும். வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போவதற்கும் கொடுப்பார்கள் என்பது புதிதாக இருந்தது, நாகரிகமாகவும் இருந்தது. ஊர் திரும்பியதும் நானும் ஆரம்பித்துவிட்டேன். பார்சல் நானூற்றைம்பது ரூபாய். ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து, “மிச்சத்தை நீங்களே வைச்சிருங்கோ அக்கா” என்று சொல்லிவிட்டு, அவா பதில் சொல்வதற்கு முன் வீதியைக் கடந்துவிடுவேன். அப்படி ஓடுவதிலும் ஒரு நாகரிகம் இருப்பதாக நினைத்திருந்தேன்.

பார்சல் கட்டுகிற அக்கா என்றுதான் எல்லோரும் அவாவைச் சொல்வார்கள். இரணைமடுப் பக்கத்துக் குடியேற்றக் கிராமம் ஒன்றிலிருந்து முதல் பஸ்ஸில் வருவா. அவாவின் தகப்பன் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் காணி பிடித்தவர். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை அவாவின் கைகள் ஓயாது. பொலித்தீன் தாளில் சோறு, நான்கு மூலைக்கும் நான்கு கறி, மேலே மீன், பிறகு பழைய செய்தித்தாளால் ஒரு சுற்று, றப்பர் வளையம். சொதியைச் சிறு பையில் ஊற்றி முடிச்சுப் போடும்போது மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பா. அவ்வளவுதான் எங்களுக்குள் பழக்கம். அந்தக் கடையில் நான் ஒரு நாளும் இருந்து சாப்பிட்டதில்லை. லொறிக்காரரும் மேசன்மாரும் நெருங்கி இருக்கும் நீள மர வாங்கில் அலுவலகச் சேலையோடு போய் இருக்க எனக்கு மனமில்லை.

இரண்டாவது துண்டு அன்றோடு நிற்கவில்லை. நான் மிச்சத்தை விட்டால் அடுத்த நாள் பார்சலில் சோற்றுக்குள் ஒரு துண்டு ஒளிந்திருக்கும். சரியான காசு கொடுத்தால் மறுநாள் இருக்காது. பக்கத்து மேசைக்காரியிடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். “ஐம்பது ரூபாய்க்குப் பாரைத் துண்டு எங்கை கிடைக்கும், சொல்லு பாப்பம்” என்று பீற்றிக்கொண்டும் இருக்கிறேன். அந்தத் துண்டு எங்கிருந்து வருகிறது என்று நாலு மாதமாக நான் யோசிக்கவே இல்லை. எண்ணிப் பொரித்த மீன் என்று தெரிந்திருந்தும் யோசிக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் குடையைக் கடையில் விட்டுவிட்டு வந்து, இரண்டரை மணிக்கு எடுக்கப் போனேன். முன்னால் ஒருவரும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகலாமென்று பின்னால் சமைக்கிற குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். வேலை செய்கிற மூன்று பெண்களும் பலகையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடும் சம்பளத்தோடு சேர்த்தி. ஆளுக்கொரு கோப்பை சோறும் ஒரு மீன் துண்டும். இரண்டு கோப்பைகளில் மீன் இருந்தது. அக்காவின் கோப்பையில் சோறும் சொதியும்தான். அவர்களில் தோசை சுடுகிற பெண் என்னைக் கண்டதும் சொன்னா: “இவாவின்ரை மீன் உங்கடை பார்சலுக்குள்ளை வந்திட்டுது மிஸ். இண்டைக்கு மட்டுமில்லை, கனநாளா.”

அக்கா அவாவை முறைத்தா. நான் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்காவின் பக்கம் போனேன்.

“ஏன் அக்கா இப்பிடிச் செய்தனீங்கள்? நான் விருப்பப்பட்டுத்தானே தந்தனான்.”

“நீங்கள் விருப்பப்பட்டுத் தந்தீங்கள். நானும் விருப்பப்பட்டுத்தான் வைச்சனான்.”

“இனி மீன் வைக்கக் கூடாது.”

“அப்ப காசும் வைக்கக் கூடாது.” பிறகு கொஞ்சம் குரலைத் தணித்துச் சொன்னா: “சண்டை முடிஞ்சு முகாமிலை இருக்கேக்கை சும்மா தாறதை வாங்க வரிசையிலை நிண்டு நிண்டு கை களைச்சுப் போச்சு தங்கச்சி. இனி ஒருத்தரிட்டையும் சும்மா வாங்கேலாது.”

அன்று பின்னேரம் என்னால் வேலை செய்ய முடியவில்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்து ஒரு மனுசியின் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்றிருக்கிறேன். கொடுப்பதை நிறுத்தினால் கணக்குச் சரிதான். ஆனால் நிறுத்துவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதுபோல இருந்தது. யோசிக்க யோசிக்க வேறொன்றும் தெளிவாகியது. அந்த ஐம்பது ரூபாயை நான் அவாவின் உழைப்புக்குக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் ஐந்து நிமிடம் கூட நிற்காமல் போவதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டமும் அதற்காகத்தான்.

மறுநாள் பார்சல் சொல்லவில்லை. இரண்டே காலுக்குப் போய், “உங்களோடை இருந்து சாப்பிடலாமோ?” என்று கேட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா. “சேலையிலை கரி பிடிக்கும்” என்றா. பிறகு பலகையில் தள்ளி இருந்து இடம் விட்டா. நானூற்றைம்பது கொடுத்தேன், எனக்கு ஒரு துண்டு, அவாவுக்கு ஒரு துண்டு. அவா சாப்பிடும் விதத்தை அன்றுதான் பார்த்தேன். முதலில் முள்ளையெல்லாம் எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கிவிட்டு, பிறகுதான் சோற்றில் கை வைப்பா. எனக்கு இடமாற்றம் வரும்வரை ஏழெட்டு மாதம் அந்தக் குசினியில்தான் என் மத்தியானச் சாப்பாடு. பெரிதாக ஒன்றும் கதைத்துவிடவில்லை. பஸ் பிந்தியது, வாய்க்காலில் தண்ணீர் விட்டது, யானை வந்து தென்னம்பிள்ளையை முறித்தது, இப்படித்தான்.

இப்போது நான் வவுனியாவில் இருக்கிறேன். இங்கே பளபளப்பான கடைகள் வந்துவிட்டன, பார்சல் கொடுக்கிற இடத்திலேயே காசு போட ஒரு கண்ணாடிப் போத்தல் வைத்திருக்கிறார்கள். போன மாதம் ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி தொலைபேசியில் பொரிந்து தள்ளினான். சாப்பாடு எடுக்கப் போன கடையில் கார்ட்டைத் தட்டியதும் திரை, டிப்ஸ் பதினைந்து வீதமா, பதினெட்டா, இருபதா என்று கேட்கிறதாம். “மேசையில்லை, கதிரையில்லை, ஒரு தண்ணி கூடக் கொண்டந்து வைக்கேல்லை. நானே போய் நானே தூக்கிக்கொண்டு வாறன். இதுக்கும் குடுக்கோணுமோ அக்கா? கட்டித் தாற பிள்ளை வேறை பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டு நிக்குது.”

கொடு என்றால் என் நாலு மாதம் நினைவுக்கு வருகிறது. கொடுக்காதே என்றால் அதுவும் வாய்க்கு வரவில்லை. “குடுக்கிறதும் விடுகிறதும் உன்ரை விருப்பம். அடுத்தமுறை போகேக்கை அந்தப் பிள்ளையிட்டைச் சாப்பிட்டாச்சோ எண்டு ஒருக்காக் கேள்” என்றேன். அவன் சிரித்தான். இங்கை அப்பிடியெல்லாம் ஆக்களிட்டைக் கேக்கிறேல்லை அக்கா என்றான்.

நாலைந்து நாள் கழித்து, நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரம், அவனிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது.

“கேட்டனான் அக்கா. காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லையாம்.”