மட்டாஞ்சேரியில் நனைந்த துளையட்டைகள்

ஓட்டைகளைக் காவல் காத்துச் சோறு உண்டவன் நான். அட்டையில் ஓட்டை விழுந்த இடத்தை எண்ணாகப் படித்து, வரிசையாக அச்சிட்டுத் தரும் இயந்திரத்துக்கு நான் பொறியாளன். இன்று கணினியோடு மல்லுக்கட்டும் அன்பர்களே, உங்கள் துயரத்தில் நான் மூத்த பங்காளி. அறுபதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரி மிளகு ஏற்றுமதி நிறுவனம் ஒன்று அவ்வியந்திரத்தை ஒரேயொரு மழைக்காலத்துக்குச் சோதனையாக வரவழைத்தது. தேறினால் இயந்திரத்துக்கும் எனக்கும் நிரந்தர இடம். தவறினால் இருவருக்கும் மதராஸ் ரயில்.

ஒட்டுப் போட்ட உதவி

கிடங்கில் எந்த அறை, என்ன தரம், எத்தனை மூட்டை என்பவை அட்டைகளில் துளைகளாக இருந்தன. முதல் வாரமே மூன்று அட்டைகளின் துளைகள் பசையும் காகிதமும் கொண்டு அடைக்கப்பட்டிருக்கக் கண்டு பதறினேன். செய்தவர், கிழிந்த சாக்குகளைத் தைக்கும் கதீஜா அக்கா. கிடங்கின் விவரம் முழுவதும் அத்துளைகளில்தான் அடங்கியிருக்கிறது என்று விரிவாக எடுத்துரைத்தேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"சாக்குல ஓட்டை விழுந்தா உள்ள இருக்கறது வெளியே போகும், தம்பி. உன் அட்டையில மட்டும் ஓட்டை வழியா உள்ளே வருமோ?"

கனல் அறை வைத்தியம்

இடவப்பாதி என்று அவ்வூர் சொல்லும் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் அட்டைகள் நமுத்த அப்பளங்களாயின. இயந்திரம் அவற்றை விழுங்க மறுத்து நின்றுவிட்டது. மறுநாள் கப்பலேற வேண்டிய மூட்டைகளின் பட்டியல் அச்சாகவில்லை. மலையாளியான மேலாளர், "எடோ, பட்டியல் இல்லாம கப்பல் போச்சுன்னா, நீயும் உன் மெஷினும் ஒரே வண்டியில கிளம்பிடணும்" என்றார்.

சுமைதூக்குவோரின் தலைவர் சையது மூப்பன் மனமிரங்கி, ஈர மிளகை உலர்த்தும் கரிக்கனல் அறையில் என் அட்டைகளைப் பரப்பினார். மிளகைக் கடித்தே ஈரம் சொல்லும் நிபுணர் அவர். சற்று நேரம் கழித்து ஓர் அட்டையின் கீழோரத்தை எடுத்துக் கடித்தார். நான் தடுப்பதற்குள் மென்றும் பார்த்துவிட்டார்.

"நறுக்குன்னு இருக்கு தம்பி. கொண்டு போ, இனி உன் மெஷினுக்குச் செரிக்கும்."

எண்பது மூட்டை

செரித்தது. பட்டியலை நீட்டி, "இயந்திரத்துக்குப் பிழை என்பதே தெரியாது, ஐயா" என்றேன். மேலாளர் கிடங்கைச் சுற்றிவந்தார். நான்காம் அறையில் தொண்ணூற்றிரண்டு மூட்டை என்றது பட்டியல், இருந்தவையோ பன்னிரண்டு.

"பாக்கி எண்பதையும் தின்னது நீயா, உன் மெஷினா?"

மதராஸ் ரயிலின் ஊதல் என் செவியில் கேட்டது. நான்காம் அறைக்குரிய அட்டையைத் தேடியெடுத்தோம். பன்னிரண்டின் முதல் இலக்கமான ஒன்றுக்குரிய துளைக்குக் கீழே, ஒன்பதுக்குரிய கடைசி வரிசையில் இன்னொரு துளை. இயந்திரம் கீழிருந்து படிப்பது. முதலில் கண்ட ஒன்பதை எடுத்துக்கொண்டிருக்கிறது. மூப்பன் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வாயருகே கொண்டுபோய்த் தம் கோரைப்பல்லைத் துளையில் பொருத்தினார். மிகச் சரியாகப் பொருந்தியது. அவர் பேசாதிருந்தால் பழி எனக்கே. பேசினால் அத்தனை ஆட்கள் முன்னிலையில் தலைவருக்குத் தலைகுனிவு.

"மெஷினைக் குத்தம் சொல்லாதீங்க சாரே. அது என் பல்லைத்தான் படிச்சிருக்கு."

மேலாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். பட்டியலைத் திருத்தினோம், கப்பல் புறப்பட்டது. கரையிலேயே தீர்ப்பும் வந்தது.

"மெஷின் இங்கேயே இருக்கட்டும். மூப்பா, இனிமே நீ மிளகை மட்டும் கடி!"

அன்பர்களே, என் உத்தியோகம் நிரந்தரமானதற்கு நான் இன்றும் காட்டக்கூடிய ஒரே சான்றிதழ், பல் பதிந்த அந்த அட்டைதான்.