திரைக்கு வெளியே நீண்ட கை

மாப்பிள்ளையின் எதிரில் நான் நின்று பேசியதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அதிலும் எனக்குக் கூச்சம் கொஞ்சம் ஜாஸ்தி. அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் மகளிடம் சொல்வேன். மகள் இல்லாவிட்டால் தண்ணீர்க் குடத்திடம் சொல்வேன். அவரும் குடத்துக்கே பதில் சொல்வார்.

மாப்பிள்ளை குமராட்சிக்கு மினி பஸ் ஓட்டுகிறார். இடுப்பு வலிக்கென்று மாத்திரை போட ஆரம்பித்தவர், வலி போன பிறகும் அதை விட முடியாமல் மாட்டிக்கொண்டார். கடலூர் டாக்டர் வைத்தியம் பார்த்து நிறுத்த வைத்தார். நிறுத்தியதும் உடம்பெல்லாம் குடைச்சல், ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல். மருந்தோடு கூட, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையை அழுத்திவிட்டால் வலி கொஞ்சம் மட்டுப்படும் என்று அங்கிருந்த நர்சம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

“இந்த வாரம் தாண்டணும்மா. தனியா மட்டும் வெளிய அனுப்பிடாதீங்க, நேரா மாத்திரைகிட்டதான் போவாரு.”

மகள் சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுவாள். பகலில் அழுத்த நான்தான். கட்டிலுக்கு முன்னால் கொடி கட்டி ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டேன். அந்தப் பக்கமிருந்து கை மட்டும் வரும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுத்துவேன்.

அன்று மத்தியானமும் கை வந்தது. அழுத்தினேன். கை உதறியது. பாவம், வலி அதிகம் போலிருக்கிறது என்று இன்னும் பலமாக அழுத்தினேன். கையில் மயிர் நரைத்திருந்ததாம். நான் சுவரையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்?

“மாப்ளைக்கு வலி விடுதான்னு கேளு” என்றேன், அடுப்படிக் குடத்தைப் பார்த்து.

“சம்பந்திம்மா, வர்றப்ப எனக்கு வலியே இல்லிங்க. இப்பதான் ஆரம்பிச்சிருக்கு!”

மாப்பிள்ளையின் அப்பா! மகனைப் பார்க்க வந்தவரை, “கைய நீட்டிட்டு உக்காருப்பா. பேசாத, அத்தை கூச்சப்படுவாங்க” என்று உட்காரவைத்துவிட்டு, மாப்பிள்ளை பின்பக்கமாக நழுவியிருக்கிறார்.

நான் பதறி எழுந்ததில் கொடி அறுந்து, புடவை சம்பந்தியின் தலையில் முக்காடாக விழுந்தது. அப்படியே விட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் ஓடினேன். மாப்பிள்ளை செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

“டேய், உங்க மாமியாரு கையாடா இது? கொறடுடா!” என்று முக்காட்டுக்குள்ளிருந்து சம்பந்தி கத்தினார்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் மூக்கும் ஒழுக, கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் கேட்டை மூடவில்லை.

குடம் பக்கத்தில் இல்லை.

“மாப்ள, போவாதீங்க. உள்ள வாங்க” என்று நானே சொல்லிவிட்டேன். அவர் முகத்துக்கு நேராக.

சிரிப்பு நின்றது. பிறகு கேட்டைச் சாத்தி, செருப்பை வாசற்படியோரம் வைத்தார்.

“வரேன் அத்தை.”

கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினார். புடவையைத் திரும்பக் கட்ட எனக்குத் தோன்றவில்லை. பக்கத்திலிருந்த சம்பந்தி தயங்கித் தயங்கித் தன் இடது கையை நீட்டினார்.

“அந்தக் கைக்கு இப்ப நல்லாத்தான் இருக்கு சம்பந்திம்மா. இதுக்கும் கொஞ்சம்...”

“க்யூவுல வாப்பா” என்றார் மாப்பிள்ளை.