பூண்டிக்காரரின் பேச்சு

"அவருக்குப் பேச்சு நின்னுபோச்சு தாயி" என்று பூண்டியிலிருந்து அந்த அம்மா போனில் சொன்னதும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகுதான் விளங்கியது. அவருடைய கணவருக்குப் பக்கவாதம் வந்து, சொந்தப் பேச்சு போய் ரொம்ப நாளாகிவிட்டது. இப்போது நின்றுபோனது போனில் இருந்த பேச்சு.

அதைச் செய்துகொடுத்தது அவர்களுடைய மகள். கொடைக்கானலில், தங்கும் விடுதிகளுக்கு வெப்சைட் செய்யும் எங்கள் சின்ன ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. போனில் திறக்கிற மாதிரி அப்பாவுக்கென்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். கட்டம் கட்டமாகப் படங்கள். டம்ளரைத் தொட்டால் "டீ குடு" என்று குரல் வரும். காயப்போட்ட பூண்டைத் தொட்டால் "பூண்டை அள்ளியாச்சா?" என்று கேட்கும். குரல் அவருடைய தம்பியுடையது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே தொண்டை என்பதால், சித்தப்பாவைப் பிடித்து உட்காரவைத்துப் பதிவு செய்திருந்தாள்.

இப்போது அவள் கன்னிவாடியில் மாமியார் வீட்டில் இருந்தாள். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருந்தார்கள். "அவகிட்டச் சொல்லிராத தாயி, பச்சை உடம்பு, அழுவா" என்றார் அம்மா. நான் அவள் கணவரிடம் மட்டும் பேசி பாஸ்வேர்டை வாங்கினேன்.

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் அம்மா, அப்பா இருவருமே வந்து இறங்கிவிட்டார்கள். நான் வரச்சொல்லவில்லை. "நேர்ல பாத்தாத்தானே சரிபண்ண முடியும்? இவரைத் தனியா விட்டுட்டு வரவும் முடியாது" என்றார் அம்மா. ஸ்வெட்டரும் மப்ளருமாக அவர் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். இடது கையில் போன். திரை வெள்ளையாக இருந்தது. அதில் எந்த இடத்தில் எந்தப் படம் இருக்கும் என்று கட்டைவிரலுக்குத் தெரியும் போல, தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும்? தண்ணியா? வெளிய போகணுமா?" அம்மா கேட்கக் கேட்க, இல்லை இல்லையென்று தலையை ஆட்டினார். கடைசியில் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

டேட்டாபேஸைத் திறந்தேன். சொற்கள் எங்கேயும் போகவில்லை. படம், குரல், சொல் மூன்றையும் சேர்த்து ஒரு ஆப்ஜெக்டாக, அதாவது ஒரே பொட்டலமாக்கி, அதை ஒரே நீள வரியாகச் சுருட்டி வைத்திருந்தாள். வெப்சைட் எழுதும் பிஎச்பி மொழியில் அப்படிச் செய்யலாம். வேண்டும்போது விரித்துக்கொள்ளலாம். ஆனால் அது எந்த வகை ஆப்ஜெக்ட் என்று சொல்லும் கிளாஸ் கோப்பு முதலில் கையில் இருக்க வேண்டும். வெப்சைட் வைக்க இடம் தரும் கம்பெனிக்காரர்கள் சர்வரை மாற்றியபோது, அந்தக் கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பத்தில் அது கண்ணில் படாமல் போயிருந்தது. பெயரைத் திருத்தினேன். அப்படியும் திரை வெள்ளைதான்.

"என்ன தாயி, சோலி முடியுமா?"

"சொல்லெல்லாம் பத்திரமா இருக்கும்மா. மூட்டை கட்டிக் கெடக்கு, அவுக்கத்தான் வரலை."

அது அம்மாவுக்குப் புரிந்தது. கணவரிடம் திரும்பி, "மூட்டை அவுக்கணுமாம், செத்த பொறுங்க" என்றார்.

அப்புறம்தான் அந்த வரிகளை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் அதன் நீளம் குறித்திருக்கும். நீளம் பொருந்தவில்லையென்றால் முழு ஆப்ஜெக்டையும் தள்ளிவிடும். சர்வர் மாற்றியவர்கள் வெப்சைட்டின் பழைய முகவரி வந்த இடத்திலெல்லாம் புது முகவரியைப் போட்டுவிட்டார்கள். குரல் கோப்புகளின் முகவரி இந்த வரிகளுக்குள்ளும் இருந்தது. புது முகவரி கொஞ்சம் நீளம். பக்கத்திலிருந்த நீள எண்ணை யாரும் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, நீளங்களை மறுபடி எண்ணிப் போட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன்.

படங்கள் வந்தன. போனை நிமிர்த்தி அவர் கையில் கொடுத்தேன். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு டம்ளரைத் தொட்டார்.

"டீ குடு."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காலைலருந்து இதைத்தான் கேட்டீகளா?" என்றார்.

டீ வந்தது, குடித்தார். ஆனால் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அந்த வரி பாதியிலேயே அறுந்து கிடந்தது. அதில் மிஞ்சியது ஒரு படத்தின் எண் மட்டும்தான், அந்தப் படமும் குரலும் புது சர்வருக்கு வந்துசேரவேயில்லை. அந்தக் காலிக் கட்டத்தையே அவர் அழுத்திக்கொண்டிருந்தார். சாமியா, மாடா, மாத்திரையா என்று அம்மா கேட்டதெல்லாம் தப்பாகப் போயிற்று. வேறு வழியில்லாமல் என் போனிலிருந்து மகளைக் கூப்பிட்டோம்.

வீடியோவில் அவள் முகம் வந்ததும் அவர் தடுமாறாமல் ஒரு படத்தைத் தேடித் தொட்டார். "சாப்டியா?"

"சாப்டேன்பா" என்றாள் அவள். குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அதற்கென்று படம் எதுவும் இல்லாததால் அவர் என் போன் திரையையே தடவினார்.

காலிக் கட்டம் என்னவென்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "அதுவாக்கா? 'சும்மா இரு'. அம்மா ரொம்பப் பேசினா அப்பா அமுக்குறது."

"எனக்குத் தெரியாமப் போச்சே!" என்றார் அம்மா. "அது தம்பி குரல்ல வந்ததா, பதியையில தம்பி யாரையோ சொன்னதும் சேந்து விழுந்துருச்சுன்னு இருந்தேன்."

கணவரின் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல், வாயின் ஒரு பக்கத்தால் சிரித்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா திருப்பூரில் இருந்தார். அவரிடமிருந்து பதிவு வரும்வரை கட்டத்தை அப்படியே விடலாமா என்று கேட்டேன். "எதுக்கு? நானே சொல்றேன். வெரசா பதிஞ்சு வை தாயி" என்று அம்மா போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி "சும்மா இரு" என்றார். படத்துக்கு அம்மாவின் முகத்தையே எடுத்துப் போட்டேன்.

மகள் பிறகு வேலைக்குத் திரும்பி வந்தாள். சுருட்டி வைப்பதை விட்டுவிட்டு, சொல், படம், குரல் எல்லாவற்றையும் தனித்தனியாக வைக்கும்படி இருவரும் சேர்ந்து மாற்றி எழுதினோம். சித்தப்பாவை ஊருக்கு வரவழைத்துப் புதிதாகக் கொஞ்சம் சொற்கள் பதிந்துகொண்டாள், பேத்தியின் பெயரும் அதில் ஒன்று. அம்மா குரலில் இருந்த 'சும்மா இரு'வையும் சித்தப்பா குரலிலேயே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாள். அப்பா போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தரவே மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாராம்.