கதோவாக்கியும் ஒன்று புள்ளி பத்தும்

கதோவாக்கி சதாமு முப்பத்தெட்டு வருஷம் அரசாங்கத்தில் முத்திரை ஆய்வாளராக இருந்தவர். மட்சுவே ஊரிலும் அதைச் சுற்றியும் எங்கெல்லாம் தராசு உண்டோ அங்கெல்லாம் மரப்பெட்டி நிறைய எடைக்கற்களோடு போய் நிற்பார். மீன் சந்தை, தபால் நிலையம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏற்றி நிறுத்தும் எடை மெஷின், எதுவும் தப்பாது. வெறும் கையால் எடைக்கல்லைத் தொட மாட்டார். விரலின் ஈரம் ஒட்டிக்கொண்டால் கூட எடை மாறிவிடும் என்று மெல்லிய தோல் கையுறை போட்டுக்கொள்வார். ஷின்ஜி ஏரியில் மட்டி அள்ளுகிறவர்களின் சங்கத் தலைவர் வைத்திருந்த தராசையே, அனுமதித்ததற்கு மேல் இரண்டு கிராம் தப்பு என்று முத்திரை குத்தாமல் திருப்பி அனுப்பியவர். அந்தத் தலைவர் அவருடைய மனைவி ஃபுமியோவுக்குத் தாய்மாமன். இரண்டு வருஷம் அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லை.

வீட்டிலும் அதே ஆள்தான். "இதோ கொஞ்ச நேரத்துல சாப்பாடு" என்று ஃபுமியோ சொன்னால், "எத்தனை நிமிஷம்?" என்று கேட்பார். அவளும் சளைத்தவள் இல்லை. "பதினேழரை" என்பாள், வாய்க்கு வந்ததை.

ஓய்வு பெற்ற பிறகு ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கினார். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய வகை. சாயங்காலமானால் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார். அங்கே சின்னத் தீவுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் படம் எடுக்க பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்பார்கள். அவருக்குப் பக்கத்து இடம் இஷிகுரா மிசாவோவுக்கு. எழுபது வயது, நாற்பது வருஷம் முடிதிருத்தும் கடை நடத்தியவள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாளே தவிர, வாய்க்கு ஓய்வு கொடுக்கவில்லை. அவளிடமும் அதே கேமரா, அதே மாடல்.

மார்ச் மாதத் தொடக்கத்தில் கதோவாக்கியின் கேமரா தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. விட்டுவிட்டு எடுத்தால் ஒழுங்காக இருக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுத்தால், ஏழாவது எட்டாவது படத்தில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் திரை இருண்டு போகும், எதற்கும் அசையாது. பேட்டரியைக் கழற்றிப் போட்டால்தான் உயிர் வரும்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, கதோவாக்கிசான்," என்றாள் மிசாவோ. "ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணுங்க. கம்பெனிக்காரன் புதுசு விட்டிருக்கான். போட்டேன், சரியாயிடுச்சு."

"ஃபர்ம்வேர்னா?"

"கேமராவுக்கு மூளைன்னு வெச்சுக்கோங்களேன். புது மூளை."

அவர் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். புதிய பதிப்பு 1.10 என்று போட்டிருந்தது. கேமராவின் மெனுவைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அதில் 1.9 என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நிம்மதியாகக் கம்ப்யூட்டரை அணைத்தார்.

மறுநாள் ஏரிக்கரையில், "என்னோடது உங்களோடதைவிடப் புதுசு," என்று அறிவித்தார். "என்கிட்ட 1.9 இருக்கு. அவங்க விட்டிருக்கிறது 1.10தான்."

"பத்துதானே பெருசு?"

"புள்ளிக்குப் பின்னாடி இருக்கு, மிசாவோசான். 1.10 கிலோ மட்டி வேணுமா, 1.9 கிலோ மட்டி வேணுமான்னு கேட்டா எதை வாங்குவீங்க?"

"மட்டி கேட்டா 1.9 வாங்குவேன். கேமரா ஓடணும்னா 1.10 போடுவேன். ஆபீசர் ஐயா, என்னோடது ஓடுது, உங்களோடது நிக்குது. இதுக்கு மேல என்ன தராசு வேணும் உங்களுக்கு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஆனால் கோபத்தைவிடக் குழப்பம்தான் பெரிதாக இருந்தது. அவள் சொல்வதில் தப்பு இருக்கிறது என்று தெரியும். ஆனால் அவளுடைய கேமரா படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். ஹோரியே என்ற இளம்பெண் எடுத்தாள்.

"உங்க புது ஃபர்ம்வேர், என் கேமராவுல இருக்கிறதைவிடப் பழசும்மா. தகவல் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அவள் விவரம் கேட்டுவிட்டு, "ஐயா, அது தசமப் புள்ளி இல்லைங்க. சும்மா பிரிச்சுக் காட்ட வெச்ச புள்ளி," என்றாள்.

"சும்மா வெச்ச புள்ளியா?"

"ஆமாங்கய்யா. முதல் பதிப்புல ஒன்பதாவது திருத்தம் உங்ககிட்ட இருக்கு. இது பத்தாவது."

"அப்ப இதை எப்படிப் படிக்கணும்? ஒண்ணு புள்ளி ஒண்ணு பூஜ்யமா, ஒண்ணு புள்ளி பத்தா?"

அவள் பக்கத்தில் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். "நாங்க இங்க... ஒண்ணு புள்ளி பத்துன்னுதான் சொல்றோம்."

"புள்ளிக்குப் பின்னாடி பத்துன்னு ஒரு எண்ணே கிடையாதும்மா."

"மன்னிக்கணும் ஐயா."

"1.99க்கு அப்புறம் என்ன வரும்?"

"1.100 வரும். ஆனா அவ்வளவு தூரம் எந்தக் கேமராவும் போனதில்லைங்க."

நன்றி சொல்லிப் போனுக்கு முன்னால் குனிந்து வணங்கிவிட்டு வைத்தார். சமையலறையிலிருந்து ஃபுமியோ எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க சொன்னாங்க?"

"ஒன்பதுக்கு அப்புறம் பத்தாம்."

"இதுக்கா போன் பண்ணீங்க? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

அவர் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். இந்தப் புதிய பதிப்பில் என்ன மாறியிருக்கிறது என்று கம்பெனி எழுதியிருந்ததை அச்செடுத்து வைத்துக்கொண்டு படித்தார். 'சில சூழ்நிலைகளில், அரிதாக, கேமரா இயங்காமல் நின்றுவிடும் நிகழ்வு சரிசெய்யப்பட்டுள்ளது.' அவ்வளவுதான். எந்தச் சூழ்நிலை? அரிதாக என்றால் ஆயிரத்துக்கு எத்தனை? இப்படி ஒரு அறிக்கையைத் தன் அலுவலகத்தில் எவனாவது கொடுத்திருந்தால் அன்றைக்கே திருப்பி எழுதச் சொல்லியிருப்பார். சிவப்புப் பேனாவால் இரண்டு கேள்விக்குறி போட்டு மடித்து வைத்தார். அப்டேட் செய்யவில்லை.

வசந்தகால விடுமுறை நாளன்று ஏரியில் ஒரு பொட்டுக் காற்று இல்லை. சூரியன் தீவின் பைன் மரங்களைத் தொடுகிற நேரத்தில், மட்டிப் படகு ஒன்று, ஏரியடியை வாருகிற நீண்ட கழியைத் தூக்கிக்கொண்டு சரியாக அதன் குறுக்கே வந்தது. நின்றிருந்த ஆளின் தொப்பி வரை கருப்பாகத் தெரிந்தது. கதோவாக்கி பொத்தானை அழுத்தினார். ஏழு படம். 'டக்'. இருட்டு. பேட்டரியைக் கழற்றிப் போடுவதற்குள் படகு கடந்து போய்விட்டது.

மிசாவோ பத்தொன்பது படம் எடுத்திருந்தாள். ஒவ்வொன்றாகக் காட்டினாள். கேலி எதுவும் செய்யவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்தார். பேட்டரி முழுக்க ஏற்றியாயிற்று. மெமரி கார்டை அழித்துச் சுத்தம் செய்து, ஃபர்ம்வேர் ஃபைலை அதில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே வைக்க வேண்டும் என்றிருந்ததை மூன்று முறை சரிபார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து தன் சொந்தத் தராசை எடுத்து, பேட்டரி, கார்டோடு கேமராவை நிறுத்தார். எழுநூற்று அறுபத்து நான்கு கிராம்.

"எதுக்கு இது?" என்றாள் ஃபுமியோ.

"முன்னாடி எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே பின்னாடி எவ்வளவுன்னு பாக்கலாம்."

"மூளைதானே போடறீங்க? கல்லா போடறீங்க?"

எடை மாறாது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் நிறுக்காமல் இருக்க முடியவில்லை.

மெனுவில் 'புதுப்பிக்கவா?' என்று கேட்டது. ஆம் என்றார். முடியும் வரை அணைக்காதீர்கள், எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள் என்று எச்சரிக்கை வந்தது. ஒரு வெள்ளைக் கோடு மெல்ல வளர்ந்தது. பாதியைத் தாண்டியது. அந்த நேரம் வாசலில் கூரியர்காரன் மணியடித்தான். ஃபுமியோ மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததால் அவரே போய்ப் பார்சலை வாங்கி வந்தார். திரும்பி வந்து பார்த்தால் திரை இருண்டு கிடந்தது.

முடிந்துவிட்டதா, பாதியில் செத்துவிட்டதா? முடிந்திருந்தால் அணைக்கலாம். முடியாவிட்டால் அணைக்கக் கூடாது. முடிந்ததா என்று பார்க்க ஒரு பொத்தானைத் தொட வேண்டும். முடியாதவரை தொடக் கூடாது. அச்செடுத்த தாளில் இதற்கு ஒரு வரியும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேமராவுக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

பதினோரு மணி ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. மேஜையை ஆட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதால் ஃபுமியோ நூடுல்ஸ் கிண்ணங்களை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்த் தரையில் வைத்தாள். அவர் போகவில்லை.

"ஏங்க, அந்தப் பொண்ணுக்கே போன் பண்ணுங்களேன்."

"புதன்கிழமை அவங்களுக்கு லீவு."

"அப்ப மிசாவோசானைக் கூப்பிடறேன்."

"வேண்டாம்!" என்றார். ஆனால் அவள் ஏற்கெனவே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

மிசாவோ சைக்கிளில் வந்தாள். மூச்சு வாங்க உள்ளே வந்து, வெள்ளைத் துணி, தராசு, ஆள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள்.

"எத்தனை மணியிலேருந்து இப்படி?"

"பத்து இருபத்தி ரெண்டுலேருந்து. தொட்டுடாதீங்க! தொடக் கூடாதுன்னு—"

அவள் மடக்கிய விரலால் ஒரு பொத்தானைத் தட்டினாள். திரை பளிச்சென்று எழுந்தது. 'புதுப்பித்தல் முடிந்தது. கேமராவை அணைக்கவும்.'

"தூங்கியிருக்கு, பாவம்," என்றாள் மிசாவோ. "நீங்கதான் முழிச்சிட்டிருந்திருக்கீங்க."

ஃபுமியோ சிரிப்பை அடக்க இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயை மூடிக்கொண்டாள். அவர் கேமராவைக் கையில் எடுத்தார். அணைத்து, பேட்டரியை எடுத்துப் போட்டு, மெனுவைப் பார்த்தார். 1.10. நிறுத்தார். எழுநூற்று அறுபத்து நான்கு. மூவரும் தராசின் எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆறிப் போன நூடுல்ஸ் இருக்கு, சாப்பிடறீங்களா?" என்று ஃபுமியோ கேட்க, மிசாவோ உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு கேமரா நிற்கவில்லை. ஏப்ரல் முழுக்க அவர் கணக்கு வைத்துப் பார்த்தார். பத்தொன்பது சாயங்காலம், ஒரு முறை கூட இல்லை. ஆனால் மார்ச்சில் குளிர், ஏப்ரலில் குளிர் விட்டுப்போயிருந்தது. குணமானது புது மூளையாலா, வெயிலாலா? அதைச் சரியாகச் சோதிக்கப் பழைய 1.9ஐ மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். கம்பெனியோ பழையதற்குத் திரும்ப வழியில்லை என்று எழுதியிருந்தது.

"ஓடுதா இல்லையா?" என்றாள் மிசாவோ.

"ஓடுது. ஏன் ஓடுதுன்னுதான் தெரியல."

"என் வீட்டுக்காரரும் ஐம்பது வருஷமா அப்படித்தான் ஓடிட்டிருக்கார். நான் கேட்டதே இல்ல." அவள் குனிந்து அவருடைய கேமராவின் முன்பக்கத்தைப் பார்த்தாள். "லென்ஸுக்குத் தனியா ஒரு ஃபர்ம்வேர் இருக்காமே, பாத்தீங்களா? அதுக்கு எண்ணு வேற மாதிரி. புள்ளி ரெண்டு இடத்துல."

"ரெண்டு புள்ளியா?"

"ரெண்டு."

ஒரே எண்ணில் எப்படி இரண்டு புள்ளி இருக்க முடியும் என்று அவர் கேட்க வாயெடுத்தார். அதற்குள் மேற்கே மேகம் விலகி, ஏரி முழுக்கச் செம்பு நிறமாயிற்று. வரிசையில் எல்லோருடைய கேமராக்களும் ஒன்றாகப் படபடத்தன. அவரும் பொத்தானை அழுத்திப் பிடித்தார். எத்தனை படம் என்று அன்றைக்கு அவர் எண்ணவில்லை.