அக்கா பெயரில் ஒரு லைசென்ஸ்

டாக்குரியாவில் ஒரு பழைய வீட்டு மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி, நான் அக்கா என்று கூப்பிட்ட சீனியர், நான், அவ்வளவுதான். கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கம்பெனிகளின் கணக்கு ஓடுகிற பெரிய கம்ப்யூட்டருக்கு நாங்கள் புரோகிராம் எழுதினோம். அக்கா ஹவுராவிலிருந்து வருவார். கணவர் வேலை பார்த்த பட்டறை மூடியதிலிருந்து வீடு அவர் சம்பளத்தில்தான் ஓடியது.

நான் சேர்ந்தபோது எனக்கென்று ஒரு ஐடி கேட்டேன். முதலாளி "ஹோபே, ஹோபே" என்றார். ஆகும், ஆகும் என்றால் வங்காளத்தில் ஆகாது என்று அர்த்தம். அதனால் அக்காவின் ஐடியிலேயே நானும் நுழைந்தேன். அவர் பெயர், அவர் பாஸ்வேர்ட். யாருக்கும் அது உறுத்தவில்லை. எழுதும் எடிட்டர், கம்பைலர், திரை வரையும் கருவி எல்லாம் அப்போது ஒரே தொகுப்பாக வரும். மெஷினுக்கு ஒரு விலை, எத்தனை பேர் உட்கார்ந்தாலும் கேள்வியில்லை.

பிறகு விற்கிறவர்கள் தொகுப்பைப் பிரித்தார்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனி விலை, அதுவும் ஆள் கணக்கில். காய்கறிக்காரர் கொசுறாகப் போட்டுவந்த கறிவேப்பிலைக்குத் திடீரென்று காசு கேட்டால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் எரிந்தது.

விலை சொல்ல வந்தவர் மெஷினைப் பார்த்தார். புரோகிராம் எழுதும் ஐடி ஒன்றே ஒன்று இருந்தது. கொட்டேஷனை ஓர் ஆளுக்கே போட்டு அனுப்பினார். நாங்கள் இரண்டு பேர் என்று நான் முதலாளியிடம் சொன்னேன். அவர் அந்தத் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஓர் ஆளை வைத்தே நடத்தலாம் என்ற யோசனையை அதுதான் அவருக்குக் கொடுத்தது.

துர்கா பூஜோ முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். எனக்குச் சம்பளம் குறைவு, அதனால் நான் இருப்பேன், அக்கா நின்றுகொள்ள வேண்டும். லைசென்ஸ் அக்கா பெயரில் வந்துவிட்டது, மாற்றினால் தனிச் செலவு, அது அப்படியே இருக்கட்டும். தாளில் இருந்தவர் வீட்டுக்குப் போனார், தாளில் இல்லாத நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

அக்கா அழவில்லை. டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே, "இந்த ரூலெல்லாம் மாறிண்டேதான் இருக்கும். மாறித்துன்னா ஒரு போன் பண்ணு, வந்துடறேன்" என்றார். அதன் பிறகு தினமும் காலையில் அவர் பெயரை அடித்துத்தான் வேலையைத் தொடங்கினேன். 

போன மாதம் கருவி விற்கிறவர்களிடமிருந்து மெயில் வந்தது. கருவிகள் மறுபடியும் ஒரே தொகுப்பு, மெஷினுக்கு ஒரே விலை, ஆள் கணக்கு கிடையாது. முதலாளியின் அறைக்கு ஓடினேன். நல்லதாகப் போயிற்று, இனி உன் பெயரிலேயே ஒரு ஐடி போட்டுக்கொள், பழையதை எடுத்துவிடு என்றார். அக்காவைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். ஓர் ஆளே போதும் என்று இத்தனை நாளில் தெரிந்துவிட்டதே என்றார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். ரூல் மாறியதைச் சொன்னேன், முதலாளி சொன்னதையும் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"அப்போ என் ஐடி?"

"எடுக்கச் சொல்லிட்டார்க்கா."

"நீயே எடுத்துடு. வேற யாரும் வேண்டாம்."

போனை வைத்துவிட்டு அவர் பெயரில் கடைசியாக ஒருமுறை உள்ளே போனேன். எனக்கு ஒரு ஐடி போட்டேன். வெளியே வந்து, என் பெயரில் நுழைந்து, அவரை எடுத்தேன்.