புட்டியின் நாலு பல்

வீரலட்சுமி அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். வீட்டுக்காரர் இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. மகள் கோயம்புத்தூரில். அக்காவுக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது.

போன வருஷம் எங்கள் அட்டைப்பெட்டி அடுக்குக்குள் ஒரு பூனைக்குட்டி கிடந்தது. சூப்பர்வைசர் வெளியே போடச் சொன்னார். அக்கா அதை ஒரு பெட்டியில் வைத்து, ஷிஃப்ட் முடிந்ததும் மத்திகிரி தாண்டி இருக்கிற விலங்குகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார். கொடுத்துவிட்டு வருவதுதான் எண்ணம்.

காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெகதீஷ் குட்டியை வாங்கிக்கொண்டார். வெளிச்சமான முன்னறையில் குட்டிகளின் கூண்டுகள், கலர் துணி, பொம்மைகள். தத்தெடுக்க வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கை கழுவப் பின்பக்கம் போன அக்கா, தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் இன்னும் நாலு பூனைக் கூண்டுகளைப் பார்த்தார். முதல் கூண்டில் சாம்பல் நிறப் பூனை ஒன்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

"இது ஏன் இங்க கிடக்கு?"

"இதெல்லாம் வயசானதுங்கக்கா. அதுக்குப் பதிமூணு ஆச்சு. முன்னாடி வெச்சா வர்றவங்க முகமே மாறிடுது. யாரும் எடுக்கவும் மாட்டாங்க."

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒன்பது மாசம்."

"ஒன்பது மாசத்துல ஒருத்தருக்காவது காட்டுனீங்களா?"

ஜெகதீஷ் தீவன மூட்டை ஒன்றை நகர்த்தி வைத்தார். கூண்டில் தொங்கிய அட்டையை அக்கா படித்தார். பெயர் என்ற இடத்தில் 'பூனை' என்று இருந்தது. விட்டுச்சென்ற காரணம்: 'புது வீடு, புது சோஃபா.' குறிப்பு: 'சரியாகச் சாப்பிடாது. வயது.'

மறுநாள் என்னிடம் சொல்லும்போதும் அவர் குரல் எழவில்லை. "பன்னண்டு வருஷம் ஒரு வீட்டுல இருந்திருக்கு, பிரவீனா. பேரை எழுத அவங்களுக்கு ஒரு நிமிஷம் இல்லையா?"

பார்த்த அன்றைக்கே கையெழுத்துப் போட்டு எடுத்துவந்துவிட்டார். "குட்டி ஏதாவது எடுத்துக்கங்கக்கா, இது ஒரு வருஷம் தாங்குமோ என்னவோ" என்று ஜெகதீஷ் வாசல்வரை வந்து சொல்லியிருக்கிறார்.

பாகலூர் ரோட்டில் ஒரு அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீடு அக்காவுடையது. பூனை நேராகக் கட்டிலுக்கு அடியில் போனது. மூன்று நாள் வெளியே வரவில்லை. தட்டில் வைத்த மீன் காய்ந்தது. அக்கா கூப்பிட்டுப் பார்க்காத பேர் இல்லை. நாலாம் நாள் பக்கத்து வீட்டு சாந்தம்மா எட்டிப் பார்த்தார். அவர் கர்நாடக எல்லையில் இருக்கிற தளிக்காரர், வீட்டில் கன்னடம். கட்டிலுக்கு அடியில் குனிந்து, 'வா' என்பதைத் தன் பழக்கத்தில் கன்னடத்தில் "பா, பா" என்றார். பூனையின் இரண்டு காதும் திரும்பின.

"இதுக்குத் தமிழ் தெரியாது வீரலட்சுமி. வான்னா எப்படி வரும்? யாரோ கன்னடக்காரங்க வளத்திருக்காங்க."

காப்பகத்துப் படிவத்தில் பழைய வீட்டின் போன் நம்பர் இருந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. ஒரு பெண் எடுத்தார். தமிழ் நன்றாகவே பேசினார்.

"நீங்க காப்பகத்துல விட்ட பூனை இப்ப எங்கிட்ட இருக்கு. வேற ஒண்ணுமில்ல, அதோட பேரு மட்டும் வேணும்."

எதிர்முனையில் டிவி சத்தம் குறைந்தது. பிறகு, "அது இன்னும் உயிரோடவா இருக்கு?"

அக்கா நிதானமாகக் கேட்டார். "இருக்கு. பேரு?"

"புட்டின்னு கூப்பிடுவோம், கன்னடத்துல சின்னப் பொண்ணுன்னு அர்த்தம். மேடம், தயவுசெஞ்சு இனிமே போன் பண்ணாதீங்க. பிள்ளைங்ககிட்ட அது செத்துடுச்சுன்னு சொல்லியிருக்கோம்."

"அவங்ககிட்ட என்ன வேணா சொல்லிக்கங்க. உங்களுக்குத் தெரியும்ல, அது போதும்" என்று அக்கா போனை வைத்தார். சாப்பாட்டு டப்பாவையும் மூடிவிட்டார். "உயிரோட இருக்கிறதுக்கு அந்தம்மாகிட்ட பெர்மிஷன் வாங்கணும் போல" என்றார்.

அன்று சாயங்காலம் "பா புட்டி" என்றதும் அது வெளியே வந்தது. காலை உரசிவிட்டுத் தட்டுக்குப் போய் மீனைக் கவ்வியது. உடனே தலையை உதறிக் கீழே போட்டது. மறுபடி கவ்வியது, மறுபடி போட்டது. தரையில் எச்சிலோடு ரத்தம்.

அக்கா லீவு போட்டுக் கால்நடை டாக்டர் சத்யப்ரியாவிடம் கொண்டுபோனார். அவர் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். நாலு பல் வேர்வரை அழுகியிருந்தது.

"இது நேத்து வந்ததில்லம்மா. ஒரு வருஷமாவது வலிச்சிருக்கும். பசிச்சிருக்கும், மெல்ல முடிஞ்சிருக்காது."

"வயசானதால சாப்பிடலன்னு எழுதியிருந்தாங்க டாக்டரம்மா."

"யாராவது வாயைத் திறந்து பாத்தாங்களா?"

அந்தக் கேள்வி அக்காவை ஆட்டிவிட்டது. அதே வருஷம் முழங்கால் வலிக்கிறது என்று போனபோது, கம்பெனி டாக்டர் நாற்காலியை விட்டு எழாமலே "வயசாச்சுல்லம்மா" என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தபோதுதான் சவ்வு கிழிந்திருப்பது தெரிந்தது.

இந்த வயதில் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்துதான் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பல்லை எடுத்தார். மூன்றாம் நாள் மசித்த மீனைப் புட்டி ஒரு துளி விடாமல் நக்கியது.

அடுத்த ஞாயிறு அக்காவோடு நானும் காப்பகத்துக்குப் போனேன். ஒரு சின்ன டப்பாவை ஜெகதீஷின் மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே நாலு பல்.

"நீங்க வயசுன்னு எழுதுனது இதுதான்."

ஜெகதீஷ் முகம் கறுத்துவிட்டது. "அறுபது உருப்படி இருக்குங்கக்கா. நானும் இன்னொருத்தரும்தான் பாக்கறோம்."

"தெரியும். பாக்க நேரமில்லன்னு எழுதியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேன். பாக்காமலே வயசுன்னு எப்படி எழுதுனீங்க?"

"தப்புதாங்கக்கா."

அக்கா அதோடு விடவில்லை. பின்பக்கத்தில் மிச்சமிருந்த மூன்று கூண்டுகளும் முன்னறைக்கு வரும்வரை நகரவில்லை. மூன்று பேருமாகத்தான் தூக்கினோம். டாக்டர் சத்யப்ரியா மாதம் ஒருமுறை வந்து பார்க்க ஒத்துக்கொண்டார். முதல் தடவையே ஒன்றுக்குக் காதுக்குள் புண் இருப்பது தெரிந்தது. அதன் அட்டையிலும் 'வயது' என்றுதான் எழுதியிருந்தது.

புட்டி இப்போது கனத்துவிட்டது. தமிழும் கொஞ்சம் புரிகிறது என்று அக்கா சொல்கிறார். காப்பகத்தில் இருந்த மூன்று பூனைகளில் இரண்டு வீடு போய்விட்டன. கடைசி ஒன்று, அந்தப் புண்ணால் காது கேட்காமல் போனது, இன்னும் இருக்கிறது. அதற்காகவே அக்கா ஞாயிறுதோறும் போகிறார்.

போன வாரம் ஒரு தம்பதி அதன் முன்னால் நின்று "பாவம்" என்றார்கள்.

"பாவம்னு சொல்ல இவ்ளோ தூரம் வரணுமா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார். "கூண்டைத் திறக்கட்டுமா?"

அவர்கள் ஒரு வெள்ளைக் குட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அக்கா அவர்கள் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து, காது கேட்காத பூனையின் கூண்டிலிருந்து அழுக்குத் துணியை உருவிவிட்டு வேறு துணி விரித்தார்.