‘விழுந்தார்’ என்ற ஒரு சொல்

ரத்னாவுக்கு நாற்பத்துமூன்று வயது. வீடு சிந்தாதிரிப்பேட்டையில். தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு மாலில் உள்ள தியேட்டரில் ஹவுஸ்கீப்பிங் வேலை. படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே உள்ளே போய்க் கதவோரம் நிற்க வேண்டும். கூட்டம் வெளியேறியதும் பன்னிரண்டு நிமிஷத்தில் இருநூற்று இருபது நாற்காலிகளுக்கு அடியில் கூட்டிவிட வேண்டும். எந்தப் படத்தையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. எல்லாப் படத்தின் முடிவும் தெரியும்.

ஜனங்கள் அழுகிற காட்சிக்கு அங்கே வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டிஷ்யூ சீன்’. பாப்கார்ன் துடைப்பத்தோடு வந்துவிடும். ஈரமான டிஷ்யூ தரைவிரிப்பில் ஒட்டிக்கொள்ளும். குனிந்து கையால்தான் பிய்த்தெடுக்க வேண்டும். அம்மா செத்தால் ஒரு பை, குழந்தை செத்தால் இரண்டு பை. ரத்னாவுக்கு இதில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. இடுப்பு வலிக்கும், அவ்வளவுதான்.

சென்ற கோடையில் ஒரு படம் வந்தது. கதாநாயகன் அடுக்குமாடி வீடு ஒன்றின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சுத் திணறிச் சாவான். ஒன்பது நிமிஷம் சாவான், வயலினோடு. வரிசை வரிசையாக விம்மல் கேட்கும். கதவோரம் நின்ற ரத்னா முதல் நாளே இரண்டு விஷயங்களைக் கவனித்தார். அவன் இடுப்பில் கயிறு இருந்தது. அவன் பேசிக்கொண்டே செத்தான்.

கபாலி பேசவில்லை. கபாலி ரத்னாவின் கணவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அடையாற்றில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். கயிறு இல்லை. தலை உள்ளே போன ஒரு நிமிஷத்தில் சத்தம் நின்றுவிட்டது. மனிதனை அந்தக் குழிக்குள் அனுப்பக் கூடாது என்று சட்டம் போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் குடியிருப்புச் சங்கம் தீட்டுக் கழிய ஹோமம் நடத்தியது. சட்டப் புத்தகத்தைப் புரட்ட ஐயர் தேவையில்லை என்பதால் அதை யாரும் புரட்டவில்லை போலும்.

போலீசுக்குச் சங்கத்தின் செயலாளர் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். முத்து முத்தான கையெழுத்து. ‘தொட்டியின் ஓரத்தில் நின்றிருந்த கபாலி என்பவர் கால் தவறி உள்ளே விழுந்தார்.’ பிணவறை வாசலில் அதன் அடியில் ரத்னாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். உடலைத் தருவதற்கான காகிதம் என்று நினைத்துப் போட்டுவிட்டார். விழுந்தவனுக்கு யாரும் பொறுப்பில்லை. வழக்கு அன்றே முடிந்தது.

அதைத் திறக்க நான்கு வருஷமாக அலைகிறார். திருவல்லிக்கேணியில் தூபா என்று ஒரு வக்கீல், அறையில் இரண்டே நாற்காலி, மனு போட்டிருக்கிறார். கபாலி விழவில்லை, அனுப்பப்பட்டார் என்று பார்த்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். அன்று கபாலியைக் கூட்டிவந்த கழிவுநீர் லாரி டிரைவர் ஊரை விட்டே போய்விட்டான். மிச்சம் அந்தச் செயலாளர் மட்டும்தான். பெயர் கஸ்தூரிரங்கன். மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்னா இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் கேட்டைத் தாண்ட முடியவில்லை. மாடி பால்கனியில் நின்றவரைக் காவலாளி காட்டியதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தின் மதியக் காட்சி முடிந்து விளக்கு எரிந்தபோது கஸ்தூரிரங்கன் எஃப் வரிசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஜெயலக்ஷ்மி.

“எழுந்திருங்கோ. அடுத்த ஷோக்கு வந்துடுவா.”

“இருடி. முடியல.”

ரத்னா பையோடு அருகே போனார். கஸ்தூரிரங்கன் நனைந்த டிஷ்யூவை அதில் போட்டார். “பாத்தியாம்மா இந்தப் படத்தை? ஒரு மனுஷனைப் போய் அந்தக் குழிக்குள்ள...”

“கடைசி பத்து நிமிசம் மட்டும் சார். அறுவது வாட்டி பாத்துட்டேன். நான் கபாலி சம்சாரம்.”

“எந்தக் கபாலி?”

“உங்க டேங்குல செத்த கபாலி.”

அழுகை நின்றது. அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது மடியில்தான் இருந்தது.

“அது ஆக்சிடென்ட்டும்மா. விழுந்துட்டான்னா...”

“வுழுந்தாரா சார்? நீங்க பாத்தீங்களா?”

பதில் ஜெயலக்ஷ்மியிடமிருந்து வந்தது. குரலை உயர்த்தவில்லை. காய்காரியிடம் எடை கேட்கிற குரல். “பால்கனிலேந்து நீங்கதானே சொன்னேள், இன்னும் கொஞ்சம் உள்ள எறங்கிப் பாருப்பான்னு. நானும் பக்கத்துலதானே நின்னுண்டிருந்தேன்.”

வாக்கி டாக்கியில் சூப்பர்வைசர் கத்தினார்: “ரத்னாக்கா, மூணாம் நம்பர் ஸ்கிரீன் இன்னா ஆச்சு? கேட்டு தொறக்கணும்!” ரத்னா, நடந்ததை வந்து எழுதித் தரும்படி தூபாவின் விலாசத்தைச் சொல்லிவிட்டுக் குனிந்து தரையைப் பார்க்கத் தொடங்கினார். அன்று ஒரு பை நிறைந்தது.

செவ்வாய்க்கிழமை இருவரும் வந்தார்கள். இரண்டு நாற்காலியும் அவர்களுக்குப் போயின. தூபாவும் ரத்னாவும் நின்றார்கள். கஸ்தூரிரங்கன் தானே எழுதுவதாகச் சொல்லிப் பேனாவைத் திறந்தார். அதே முத்துக் கையெழுத்து. ‘கபாலி தொட்டிக்குள் இறங்கினார்.’

தூபா படித்தார். “சார், அவரா இறங்கினார்னு ஆகுது. தப்பு செத்தவர் மேலயே போகும்.”

“எறங்கினது உண்மைதானேம்மா?”

“நீங்க தமிழ் வாத்தியார். தன்வினை எது, பிறவினை எதுன்னு நான் சொல்லணுமா?”

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தவர். தானே செய்தால் தன்வினை, பிறரைச் செய்ய வைத்தால் பிறவினை. எழுதியதை அடித்துவிட்டு ‘இறக்கப்பட்டார்’ என்று எழுதினார்.

“யாரால சார்?”

பேனா அசையவில்லை. இலக்கணத்தில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. வினையை வைத்துக்கொண்டு வினை செய்தவனைக் கழற்றிவிடலாம். இந்த ஊரில் குழிக்குள் செத்த அத்தனை பேரும் இந்த வகை வாக்கியத்தில்தான் செத்திருக்கிறார்கள்.

“நான் அன்னிக்கு அழுதது பொய்யில்லம்மா” என்றார் ரத்னாவைப் பார்த்து.

“பொய்யின்னு யார் சொன்னது சார்? எழுதுங்க.”

அவர் பேனாவை மூடினார். “எனக்கு எழுபத்தொண்ணு வயசாறது.”

“அவருக்கு முப்பத்தெட்டு சார்.”

ஜெயலக்ஷ்மி கைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்தார். “ஒரு பேப்பர் குடும்மா.”

“ஜெயா, என்ன பண்றே? என்னை ஜெயிலுக்கு அனுப்பப் போறியா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க சொன்னேள், நான் கேட்டேன். ஆறு வருஷமா அந்தப் பால்கனில துணி உலர்த்திண்டிருக்கேன்.”

ஜெயலக்ஷ்மியின் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழைகூட இருந்தது. நாலே வரி. கீழே பெயரும் தேதியும் போட்டுத் தூபாவிடம் கொடுத்துவிட்டு, கணவரின் கையைப் பிடித்து எழுப்பினார். மாடிப்படி குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடிந்தது.

“ரத்னாக்கா, போதும். இது போதும்” என்றார் தூபா. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“படிச்சுக் காமிம்மா.”

“என் கணவர் திரு. கஸ்தூரிரங்கன் கபாலியைத் தொட்டிக்குள் இறக்கினார்.”

ரத்னா காத்துப் பார்த்தார். நெஞ்சிலோ தொண்டையிலோ ஏதாவது நகரும் என்று. எதுவும் நகரவில்லை. மின்விசிறி சுற்றியது. தெருவில் யாரோ ஆட்டோவைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

“இன்னொரு வாட்டி படி.”

தூபா படித்தார்.

“இன்னொரு வாட்டி.”